போட்டோவில் வேண்டாததை அழிக்கலாம்... ஆனால், எதை அழிக்கக் கூடாது?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்பு மொத்தக் குடும்பமும் நிற்கிறது. பாட்டி சிரித்திருக்கிறார். கடைக்குட்டிகூட கேமராவைப் பார்த்திருக்கிறது. இப்படி ஒரு படம் அமைவது வருஷத்துக்கு ஒருமுறைதான். வீட்டுக்கு வந்து போனில் பெரிதாக்கிப் பார்த்தால், அப்பாவின் தோளுக்குப் பின்னால் யாரோ ஒருவர் சாவகாசமாக ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்!

முன்பெல்லாம் இதைச் சரிசெய்ய, தெரிந்த ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். இன்று போனிலேயே, விரலால் ஒரு வட்டம் போட்டால் ஐஸ்க்ரீம்காரர் மறைந்துவிடுகிறார்.

அழித்த இடத்தில் என்ன வருகிறது?

ஒருவரை அழித்தால், அவருக்குப் பின்னால் இருந்த காட்சி தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கேமரா பார்க்காத காட்சி படத்துக்குள் எங்குமே கிடையாது. கிழிந்த புடவையை டார்னிங் செய்பவர் பக்கத்து இழையின் நிறத்தையும் நெசவையும் பார்த்து ஓட்டையை நிரப்புவதுபோல, மென்பொருளும் அந்த இடத்தை நிரப்புகிறது.

போட்டோஷாப்பின் 'க்ளோன் ஸ்டாம்ப்' ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும். 2002-ல் வந்த 'ஹீலிங் பிரஷ்', ஒட்டிய இடத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சுற்றுப்புறத்தோடு பொருத்தியது. 2010-ல் வந்த 'கன்டென்ட் அவேர் ஃபில்', எங்கிருந்து நகலெடுப்பது என்பதைத் தானே தேடிக்கொண்டது. 2023-ல் வந்த 'ஜெனரேட்டிவ் ஃபில்', படத்தில் இல்லாததைக்கூட செயற்கை நுண்ணறிவால் புதிதாக வரைந்து தருகிறது.

எந்த போனில் என்ன வசதி?

கூகுள் 2021-ல் தன் பிக்ஸல் 6 போனில் 'மேஜிக் இரேசர்' வசதியைக் கொடுத்தது. 2024 மே மாதம் முதல், கூகுள் போட்டோஸ் பயன்படுத்தும் மற்றவர்களுக்கும் அது இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. சாம்சங் கேலக்ஸி போன்கள் பலவற்றில், கேலரியிலேயே 'ஆப்ஜெக்ட் இரேசர்' இருக்கிறது. ஐபோன் 15 ப்ரோ மற்றும் அதற்குப் பிறகு வந்த மாடல்களில் 'க்ளீன் அப்' உண்டு. பழைய போன் என்றால் கவலை வேண்டாம். 'ஸ்னாப்சீட்' செயலியில் உள்ள 'ஹீலிங்' சின்னச் சின்ன வேலைகளுக்குப் போதும். கம்ப்யூட்டரில் செய்ய விரும்புகிறவர்களுக்கு இலவச மென்பொருளான 'ஜிம்ப்' இருக்கிறது.

சுத்தமாக அழிக்க...

* முதல் வேலை, படத்தை ஒரு காப்பி எடுத்துக்கொள்வது. காப்பியில் மட்டுமே கை வையுங்கள்.

* ஆளை அழித்துவிட்டு நிழலை விட்டுவிடாதீர்கள். ஆள் இல்லாத நிழல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கண்ணாடியிலோ தண்ணீரிலோ தெரியும் பிம்பத்துக்கும் இது பொருந்தும்.

* பெரிய பொருளை ஒரே இழுப்பில் அழிக்காமல், பெரிதாக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அழியுங்கள்.

* வானம், மணல், வெற்றுச் சுவர் எல்லாம் எளிது. ஜன்னல் கம்பி, டைல்ஸ் தரை, கோலம், புடவை பார்டர் போன்றவை கடினம். கோடு ஓரிடத்தில் வளைந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

* முடித்ததும் பக்கத்தில் நிற்பவரின் கை, விரல், தலைமுடியை ஒருமுறை சரிபாருங்கள். மென்பொருள் அவற்றையும் சேர்த்துக் கடித்திருக்கலாம்.

எங்கே தொடக் கூடாது?

சிரிய உள்நாட்டுப் போரில் 2013-ல் எடுக்கப்பட்ட ஒரு படத்தின் மூலையில், சக பத்திரிகையாளரின் வீடியோ கேமரா தெரிந்தது. அதை மட்டும் அழித்து அனுப்பினார் புகைப்படக்காரர் நார்சிஸோ கான்ட்ரெராஸ். விஷயம் தெரிந்ததும், 2014 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டது. புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்தவர் அவர். செய்திப் படத்தில் ஒரு மூலையை மாற்றினாலும் நம்பிக்கை போய்விடும் என்பதே காரணம்.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். விபத்தில் அடிபட்ட வண்டி, இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் படம், வாடகை வீட்டின் சுவர் விரிசல், விற்கப்போகும் மனை... இவற்றிலெல்லாம் எதையும் அழிக்காதீர்கள். அது அழகுபடுத்துவதல்ல, ஏமாற்றுவது.

குடும்பப் படங்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது நம்மை நிறுத்துவது எது? போஸ் கொடுத்து நிற்பவர்களைவிட, பின்னால் இருக்கும் ஷட்டர் வைத்த டி.வி-யும், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரும், ஓரமாகச் சாய்ந்திருக்கும் சைக்கிளும்தான். எடுத்த அன்று அவையெல்லாம் வேண்டாத பொருள்கள்.

ஆள்களும் அப்படித்தான். வீட்டில் ஒருவர் இறந்ததும், மாலை போடுவதற்குப் படம் தேடுவார்கள். தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. கடைசியில், யாரோ ஒருவரின் கல்யாணப் படத்தில், பந்தி பரிமாறியபடி ஓரத்தில் பாதி முகம் தெரிய நிற்பதைத்தான் கண்டுபிடிப்பார்கள். அதை வெட்டிப் பெரிதாக்கித்தான் ஃபிரேம் போட்டிருப்பார்கள்.

ஐஸ்க்ரீம்காரரைத் தாராளமாக அழியுங்கள். ஓரத்தில் நிற்பவர் யாரென்று தெரியாவிட்டால் மட்டும், பாட்டியிடம் ஒருமுறை கேட்டுவிட்டு விரலை வையுங்கள்!