சுவர் எழும்பும் முன்பே குழாயும் உத்தரமும் மோதிக்கொள்கின்றன!

சென்ற ஆண்டு என் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினேன். கொத்தனார் சுவர் எழுப்பி, பூச்சு வேலையும் முடித்துவிட்டுப் போனார். மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து, வயருக்குக் குழாய் பதிக்க வேண்டும் என்று புதுச் சுவரைக் கொத்தினார். அவர் போனதும் பிளம்பர் வந்தார். அவர் உளி வைத்த இடம், எலெக்ட்ரீஷியன் குழாய் பதித்த அதே இடம்! "பிளானில் இப்படித்தானே இருக்கிறது, சார்?" என்று இருவரும் ஆளுக்கொரு காகிதத்தை நீட்டினார்கள். இரண்டு காகிதமும் சரிதான். ஒன்றை ஒன்று பார்த்ததில்லை, அவ்வளவுதான். தண்டச் செலவு என் தலையில் விழுந்தது.

ஒரே ஓர் அறைக்கு இந்தப் பாடு என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும் என்ன கதி? அங்கே தூணுக்கு ஒரு என்ஜினீயர், குளிர்காற்றுக் குழாய்க்கு இன்னொருவர், மின்சாரத்துக்கு வேறொருவர். ஒவ்வொருவரும் கட்டுக் கட்டாகப் படம் வரைகிறார்கள். காற்றுக் குழாய் போக வேண்டிய இடத்தில் இரும்பு உத்தரம் நிற்கிறது என்பது, குழாயைத் தூக்கிக்கொண்டு ஆள் மேலே ஏறிய பிறகுதான் தெரியவரும்!

இதற்கு வந்திருக்கும் மருந்துதான் 'பில்டிங் இன்பர்மேஷன் மாடலிங்'. சுருக்கமாக, 'பிம்'. கட்டடத்தை மண்ணில் கட்டுமுன், கம்ப்யூட்டருக்குள் ஒரு தடவை முழுமையாகக் கட்டிப் பார்த்துவிடுவது என்று சொல்லலாம். இது வெறும் படம் அல்ல. அந்த மாதிரியில் உள்ள ஒவ்வொரு உத்தரத்துக்கும் கதவுக்கும் ஒரு ஜாதகம் உண்டு: என்ன பொருள், என்ன அளவு, என்ன விலை, எந்த நாளில் பொருத்த வேண்டும் என்றெல்லாம். எல்லா என்ஜினீயர்களின் வேலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததும், எது எதோடு மோதுகிறது என்று கம்ப்யூட்டர் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். கல்யாணத்துக்கு முன்பே பொருத்தம் பார்ப்பது போலத்தான்!

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் 1970-களிலேயே இதை எழுதிவிட்டார். ஆனால் அதன் அருமையை உலகுக்குக் காட்டியது ஸ்பெயினில் எழுந்த ஒரு கட்டடம்.

காகிதத்தில் அடங்காத வளைவு

பிராங்க் கெரி என்ற கட்டடக் கலைஞர் கனடாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ் பெற்றவர். அவருக்கு நேர்க்கோடு என்றாலே பிடிக்காது. காகிதத்தையும் மரத்துண்டுகளையும் வளைத்து, ஒட்டி மாதிரி செய்வார். அதைக் கட்டுகிறவர்களுக்குப் புரியும்படி படமாக வரைவதில்தான் தொல்லை. 1989-ல் ஜெர்மனியில் திறக்கப்பட்ட விட்ரா மியூசியத்தில், வளைந்து ஏறும் படிக்கட்டு அவர் நினைத்தபடி வரவில்லை. வளைவில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. படத்தில் இருந்த வளைவு கட்டடத்தில் வந்து சேரவில்லை.

அடுத்து பார்சிலோனா. 1992 ஒலிம்பிக் விழாவை ஒட்டி, கடற்கரையில் சுமார் 56 மீட்டர் நீளத்தில் ஒரு பிரம்மாண்டமான மீன் சிற்பம் செய்ய வேண்டும். கெரியின் அலுவலகத்தார் கட்டடக்காரர்களிடம் வழி தேடாமல், விமானக்காரர்களிடம் போனார்கள். மிராஜ் போர் விமானம் செய்த பிரெஞ்சுக் கம்பெனியான தஸ்ஸோவில் பிறந்தது 'காட்டியா' என்ற கம்ப்யூட்டர் முறை. விமானத்தின் வளைவைத் துல்லியமாகக் கணக்கிடும் யந்திர மூளைக்கு ஒரு மீனின் வளைவா கஷ்டம்? மீன் பிழைத்தது.

பில்பாவோவின் பந்தயம்

மீனில் கற்ற பாடத்துக்குப் பெரிய பரீட்சை பில்பாவோ நகரில் வந்தது. கப்பல் கட்டும் துறைகள் மூடி, ஆலைகள் படுத்து, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய ஊர் அது. நெர்வியோன் ஆற்றங்கரையில் ஒரு மியூசியம் கட்ட பாஸ்க் சர்க்கார் முடிவு செய்தது. செலவு சுமார் 10 கோடி டாலர்! "சோற்றுக்கு வழியில்லாதபோது சித்திரச் சாலையா?" என்று ஊரில் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓபரா மாளிகைக்கு 70 லட்சம் டாலர் என்று கணக்குப் போட்டு, 1973-ல் திறப்பதற்குள் 10 கோடிக்கு மேல் ஆகிவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒன்று பில்பாவோவில் நடந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது.

1993-ல் வேலை தொடங்கியது. கெரியின் மர மாதிரியின் வளைவுகளைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளந்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள். அளவில் சந்தேகம் வந்தால் காகிதத்தைப் பார்ப்பதில்லை. மாதிரி சொல்வதே தீர்ப்பு. இரும்புத் துண்டுகளுக்குக் கடைச் சாமான்களைப் போல கோட்டுக் குறி ஒட்டினார்கள். அந்தக் குறியைப் படித்ததும் துண்டு எந்த இடத்துக்கு உரியது என்று தெரிந்துவிடும். லேசர் கருவி இடத்தைக் காட்டும். மீட்டர் டேப்புக்கு அநேகமாக வேலையே இல்லை என்பார்கள். வெளியே போர்த்திய டைட்டேனியம் தகடுகள் சுமார் 33,000. கனம் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை!

1997 அக்டோபரில் மியூசியம் திறந்தது. சொன்ன காலம், சொன்ன தொகை. இந்த முறைக்கு 'பிம்' என்ற பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

கம்ப்யூட்டர் இருந்தும் கோளாறு

இதைப் படித்துவிட்டு, யந்திரம் வாங்கிப் போட்டால் போதும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 'காட்டியா' பிறந்த விமானத் தொழிலிலேயே ஒரு கூத்து நடந்தது. ஏர்பஸ் ஏ-380 என்ற ராட்சச விமானத்துக்குள் ஓடும் வயர் சுமார் 500 கிலோமீட்டர். ஜெர்மனியில் இருந்தவர்கள் அதே 'காட்டியா'வின் பழைய பதிப்பிலும், பிரான்சில் இருந்தவர்கள் புதிய பதிப்பிலும் வேலை செய்தார்கள். 2006-ல் பொருத்தும்போது பார்த்தால் வயர் எட்டவில்லை! என் வீட்டு எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். விமானம் பல மாதங்கள் தாமதமாயிற்று.

அதனால்தான் இன்று, வெவ்வேறு கம்பெனிகளின் மாதிரிகள் ஒன்றையொன்று படித்துக்கொள்ளப் பொது மொழி ஒன்றை உலகத் தர அமைப்பு ஏற்றிருக்கிறது. சிங்கப்பூரில் 2015 ஜூலை முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு அனுமதி கேட்பவர்கள் காகிதப் படத்தோடு போக முடியாது. மாதிரியையே அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. பிரிட்டன் 2016 ஏப்ரல் முதல் மத்திய சர்க்கார் கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது.

எனக்குப் பிடித்த அம்சம் வேறு. கட்டி முடித்த பிறகும் மாதிரி உயிரோடு இருக்கிறது. இருபது வருஷம் கழித்துக் குழாய் ஒழுகினாலும், எந்தச் சுவருக்குள் எந்த இடத்தில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு உளியை எடுக்கலாம். ஆனால் மாதிரியை அவ்வப்போது திருத்தி வைக்க ஓர் ஆள் வேண்டும். பல இடங்களில் கட்டடத்துக்குக் காவல்காரர் இருக்கிறார், மாதிரிக்கு இல்லை.

என் மாடி அறையில் இன்னும் காலண்டர் மாட்டவில்லை. ஆணி அடிக்கலாமா, அடித்தால் தண்ணீர் பீறிடுமா, 'ஷாக்' அடிக்குமா என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். இருவரும் இப்போது வேறு வேறு ஊரில் வேலை செய்கிறார்கள்.