பிரியாவிடை விழாவும் பெருந்தொற்றுச் சட்டமும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2021ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்கள் பட்டமளிப்பு விழாவையும் அதனோடு சேர்ந்த பிரியாவிடை நடன விருந்தையும் எப்போது, எவ்வாறு நடத்தலாம் என்பது, மாகாணப் பொதுச் சுகாதாரத் துறைக்கும் ஆங்கிலவழிப் பள்ளிகளை நடத்தும் வாரியங்களுக்கும் இடையே கருத்து மோதலாக உருவெடுத்தது. அதற்குள் 11,000-க்கும் மேற்பட்டோரை அந்த மாகாணத்தில் பலிகொண்டிருந்த கோவிட்-19 நோயின் நடுவே ஒரு விருந்தைப் பற்றிய வாக்குவாதம் அற்பமாகத் தோன்றக்கூடும். ஆயினும் அவசரநிலைச் சட்டத்தின் கீழ் விதி வகுப்போர் அதற்கான காரணத்தை யாருக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற கனமான கேள்வி அதனுள் அடங்கியிருந்தது.

கியூபெக்கில் உயர்நிலைப் பள்ளி பதினோராம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பதினாறு, பதினேழு வயதில் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய 'செஜெப்' கல்லூரிகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். அவ்வாண்டு வெளியேறிய வகுப்பினருக்கு 2020 மார்ச் 13 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டதிலிருந்து இயல்பான பள்ளி நாட்கள் வாய்க்கவில்லை. அந்தக் கோடை வரை உயர்நிலைப் பள்ளிகள் மூடிக்கிடந்தன. அக்டோபர் முதல் தொற்று மிகுந்த பகுதிகளில் மேல்வகுப்பினர் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே நேரில் பயின்றனர். அமைச்சகம் நடத்தும் பொதுத் தேர்வுகள் இரண்டு ஆண்டுகளும் கைவிடப்பட்டன. 2021 ஜனவரி 9 முதல் மே 28 வரை இரவு ஊரடங்கும் நடப்பில் இருந்தது. தேர்வே இல்லாமல் முடிந்த படிப்புக்கு, முடிந்தது என்று ஊரறியச் சொல்லும் நிகழ்ச்சியாக விழா ஒன்றே எஞ்சியிருந்தது.

விழாவைத் தயக்கத்தோடு அணுகியதற்குச் சுகாதாரத் துறையிடம் வலுவான காரணங்கள் இருந்தன. மூச்சுக்காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவும் நோய்க்கு, மூடிய கூடமும் உரத்த இசையும் அதற்கு மேலாகக் குரலெழுப்பும் நெருக்கமான கூட்டமும் மிகச் சாதகமான சூழலாகும். ஒருவரிடமிருந்து பலருக்கு ஒரே மாலையில் தொற்று தாவும் 'பெரும்பரவல் நிகழ்வு' எனப்படுவது இத்தகைய இடங்களில்தான் நேர்கிறது. பன்னிரண்டு முதல் பதினேழு வயதினருக்குக் கியூபெக்கில் 2021 மே இறுதியில்தான் தடுப்பூசி வாய்ப்பு திறக்கப்பட்டிருந்தது. ஊசி போட்ட பின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தேவைப்படும். முதலில் விருந்துகளுக்கு இடமளிக்காத அரசு, பின்னர் ஜூலை 8 முதல் திறந்தவெளியில் நடத்தலாம் என்று தளர்த்தியபோது, ஜூன் 23-ஐ ஒட்டி முடியும் பள்ளி நாட்களிலிருந்து கணக்கிட்டால் அந்தத் தேதி இந்த இரண்டு வார இடைவெளியோடு பொருந்தியே வந்தது.

மருத்துவக் கணக்கில் பொருந்திய அந்தத் தேதி பள்ளிக் கணக்கில் பொருந்தவில்லை. கியூபெக் கல்விச் சட்டத்தின்படி பள்ளியாண்டு ஜூன் 30 அன்று முடிந்து ஜூலை 1 அன்று புதிது தொடங்குகிறது; எனவே ஜூலை 8 என்பது சட்டப்படி அடுத்த கல்வியாண்டைச் சேர்ந்த நாளாகும். ஆசிரியர்கள் விடுமுறைக்குச் சென்றபின், முந்தைய ஆண்டோடு படிப்பு முடிந்துபோன மாணவர்களுக்குப் பள்ளி எந்தப் பொறுப்பில் விழா நடத்துவது என்பது நிர்வாகிகளுக்கு உண்மையான இடராக இருந்தது. 

இதைவிடக் கூர்மையாக உறுத்தியது ஒப்பீடு. மே 29 அன்று மொண்ட்ரியாலின் பெல் அரங்கில், கூரைக்குக் கீழே, 2,500 பேர் ஹாக்கி ஆட்டம் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். அங்கே பார்வையாளர்கள் குறிக்கப்பட்ட இருக்கைகளில் பிரித்து அமர்த்தப்பட்டனர் என்பதும், நடன விருந்தில் அப்படி அமர்த்த முடியாது என்பதும் உண்மை. ஆனால் பெயர் அழைக்கப்பட்டதும் எழுந்து சென்று சான்றிதழ் பெறும் பட்டமளிப்பு விழா, இருக்கை குறிக்கப்பட்ட நிகழ்ச்சியாகவே நடக்கக்கூடியது. விருந்தையும் அதையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டது விதியின் பலவீனம் என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி எழுப்பியவர்கள் ஆங்கில வாரியத்தினராக இருந்தது தற்செயல் இல்லை. 2020 பிப்ரவரியில் நிறைவேறிய 40ஆம் மசோதா, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்களைக் கொண்ட பிரெஞ்சுவழிப் பள்ளி வாரியங்களைக் கலைத்து, அவற்றின் இடத்தில் 'சேவை மையங்கள்' எனும் நிர்வாக அமைப்புகளை நிறுவியது. சிறுபான்மை மொழிக் கல்வி உரிமையைக் காக்கும் கனடிய உரிமைச் சாசனத்தின் 23ஆம் பிரிவை முன்னிறுத்தி ஆங்கிலத் தரப்பினர் வழக்குத் தொடுத்ததால், ஒன்பது ஆங்கில வாரியங்கள் நீதிமன்றத் தடையாணையின் பாதுகாப்பில் நீடித்தன. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனம் குடியேறியோரின் பிள்ளைகளைப் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கே அனுப்புவதால், இலங்கையிலிருந்து சென்று மொண்ட்ரியாலில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளில் பலரும், தேர்தலில் வென்ற ஆணையர் எவரும் இல்லாத அமைப்பின் கீழ்தான் பயின்றனர். அவர்களுக்காகவும் இத்தகைய குரல் ஒலித்திருக்க வேண்டும்.

சுகாதார அதிகாரிகளின் தயக்கத்துக்கு மற்றொரு பின்னணியும் உண்டு. ஒரு கூட்டத்துக்குச் சலுகை தந்தால் பிற கூட்டங்களும் அதையே சான்றாகக் காட்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தின் அப்போதைய ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ, 2020 ஜூன் 26 முதல் திறந்தவெளியில் 150 பேர் வரை பட்டமளிப்பு விழாவில் கூடலாம் என்று அனுமதித்திருந்தார். அதே நாளில் கூட்டாட்சி நீதிபதி கேரி ஷார்ப், இரு கத்தோலிக்கப் பாதிரியார்களும் மூன்று யூதர்களும் தொடுத்த வழக்கில், அந்தச் சலுகையையும் காரணமாகச் சுட்டி, வழிபாட்டுக் கூட்டங்கள் மீது விதிக்கப்பட்டிருந்த கடுமையான வரம்புகளைச் செயல்படுத்தத் தடை விதித்தார்.

நோயைத் தடுக்கும் இறுதி அதிகாரம் மருத்துவ அறிவுடையோரிடம் இருப்பதே முறை. அதைப் பள்ளி வாரியங்களிடம் ஒப்படைப்பது ஆபத்தாகும். ஆனால் கியூபெக் பொதுச் சுகாதாரச் சட்டம், அவசரநிலையைப் பத்து நாட்களுக்கு ஒருமுறை அமைச்சரவையே நீட்டித்துக்கொள்ள இடமளிக்கிறது. சட்டமன்றத்தின் ஒப்புதல் தேவைப்படும் முப்பது நாள் நீட்டிப்பு வழியை நாடாமல், அரசு 2022 ஜூன் 1 வரை அந்தக் குறுகிய நீட்டிப்புகளையே தொடர்ந்து பயன்படுத்தியது. சட்டமன்றத்தில் வாக்கெடுப்பே இல்லாமல் விதிகள் பிறக்கும் காலத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட சிறிய அமைப்பொன்று 'ஏன் இந்தத் தேதி, ஏன் இந்த வேறுபாடு' என்று கேட்டதைக் கீழ்ப்படியாமை என்று கருத இடமில்லை. அந்தக் கேள்வியை வாரியங்களோடு வசந்த காலத்திலேயே அமர்ந்து பேசியிருந்தால், இருக்கையிட்ட பட்டமளிப்பை ஜூனிலும் நடன விருந்தை ஜூலையிலும் எனப் பிரித்து வைப்பதற்குப் போதிய அவகாசம் இருந்திருக்கும்.