கம்பு எப்போது ஆயுதமாச்சு?

கருத்து விளக்கக் கட்டுரையில் 'சிலம்பம்' என்று தலைப்பு வந்தாலே, "ஐயாயிரம் ஆண்டுப் பழமையானது" என்று பல மாணவர்கள் தொடங்கிவிடுகிறார்கள். சான்று என்னன்னு கேட்டால் பதில் இல்லை. தோற்றத்தை எப்படி எழுதுவது? முதலில் ஓர் அயல்நாட்டு எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒக்கினாவா சொல்லும் பாடம்

ஜப்பானின் ஒக்கினாவா தீவுகளை 1609-இல் சட்சுமா படை பிடித்தது. ஆயுதத் தடை வந்ததால் உழவர்கள் வேலைக் கருவிகளையே ஆயுதமாக்கினார்கள் என்பது பரவலான கதை. இது பாதிதான் சரி. 'காமா' அறுவடை அரிவாள். 'ஏக்கு' படகுத் துடுப்பு. ஆனால் 'சாய்' எனும் மும்முனை இரும்புக் கோல் காவல் பணியாளர் கையில் இருந்தது. கலையை வளர்த்தவர்களில் பலர் அரசுப் பணி செய்த 'பெச்சின்' வகுப்பினர்.

நம் சிலம்பம்

சிலம்ப ஆயுதங்களை மூன்றாகப் பிரிக்கலாம்:

1. அன்றாடப் பொருள்கள்: கம்பு, அரிவாள்.
2. விலங்கிலிருந்து பெற்றவை: இரு கொம்புகளைச் சேர்த்துக் கட்டிய மான்கொம்பு.
3. போருக்கென்றே செய்தவை: வாள், ஈட்டி, சுருள்வாள்.

1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அதையடுத்து கிழக்கிந்தியக் கம்பெனி பாளையக்காரர் பகுதிகளில் ஆயுதங்களுக்குத் தடை விதித்தது. அதனால்தான் சிலம்பம் பிறந்தது என்று எழுதலாமா? கூடாது. மாடு மேய்ப்பவரிடமும் வழிநடப்பவரிடமும் கம்பு அதற்கு முன்பே இருந்தது. தடை வந்த காலம் வேறு, கலை பிறந்த காலம் வேறு.

தோட்டத்துக்கு வந்த கம்பு

தமிழகத்திலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்களோடு இந்தக் கலையும் வந்தது. அங்கே மூங்கில்; இங்கே மூங்கிலோடு பிரம்பும் சேர்ந்துகொண்டது. பிரம்பு வளையும், சட்டென்று உடையாது. கோலசிலாங்கூரில் உள்ள புக்கிட் ரோத்தான் பெயரிலேயே பிரம்பு இருக்கிறது பாருங்கள். மலாயில் 'ரோத்தான்' என்றால் பிரம்புதான்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து மக்கள் பலர் பட்டணம் போய்விட்டார்கள். திருவிழாவில் கம்பு சுற்றிய தாத்தாக்களும் குறைந்து வருகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மாணவர்களுக்குப் பணி

உங்கள் தாத்தாவிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ மூன்று கேள்வி கேளுங்க: கம்பு எதில் செய்தது? எவ்வளவு உயரம்? யாரிடம் கற்றார்? ஊர், ஆண்டோடு பதிலை எழுதி வையுங்கள். "ஐயாயிரம் ஆண்டு" என்பதைவிட அந்த மூன்று வரி உங்கள் கட்டுரைக்கு அதிக வலு சேர்க்கும்.