வெயிலில் காய்ந்தும் சாகாத முட்டைகள்!
போடி அடிவாரக் குட்டைகளில் மழைக்காகக் காத்துக் கிடக்கும் பொடி உயிர்கள்

போடிநாயக்கனூர்-

ஐப்பசி மழை கொட்டி ஒரு வாரம் ஆனால் போதும். நேற்றுவரை வெடித்துக் கிடந்த மலையடிவாரக் குட்டையில் ஒரு டம்ளர் மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளி புள்ளியாய் என்னமோ துள்ளும்!

மழையோட மேலேருந்து விழுந்துச்சா? இல்லை. காலடி மண்ணில்தான் கிடந்தது.

இவை இறால், நண்டுக்குச் சொந்தக்காரர்கள். மொய்னா என்பது ஒன்று. அலங்கார மீன் வளர்ப்போர் குஞ்சுகளுக்குப் போடுவது இதைத்தான். தண்ணீர் இருக்கும்வரை ஆண் துணை இல்லாமலே பெண் குஞ்சு பொரிக்கும். குட்டை வற்றுகிற நேரம் ஆண் பிறக்கும். தடித்த ஓட்டுக்குள் முட்டை தயாராகும். தாய் செத்துவிடும். முட்டை சாகாது.

மல்லாந்தே நீந்தும் இறால் ஒன்றும் உண்டு. 11 ஜோடிக் கால். ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகாட்டமஸ் என்று வாயில் நுழையாத பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதன் முட்டைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். மீன் கண்ணில் பட்டால் தப்பாது. ஆகவே, மீன் தங்காத, வற்றுகிற குட்டைதான் இதற்குக் கோட்டை!

விதைநெல் கணக்கு

முதல் மழைக்கே எல்லா முட்டையும் பொரிவதில்லை. மழை ஏமாற்றிவிட்டால் வம்சமே போச்சே! சம்சாரி விதைநெல்லை ஒதுக்குவதுபோல் ஒரு பங்கு மண்ணிலேயே தங்கும். அமெரிக்காவில் ரோட் ஐலண்டுக் குளம் ஒன்றின் அடிச்சேற்றில், 300 ஆண்டுக்கு மேற்பட்ட முட்டை பொரிந்ததாக 1995-ல் எழுதினார்கள்.

ஒற்றைக் கண்ணன்

சைக்ளாப்சுக்கு ஒரே கண். பெயரும் கெட்ட பெயர். நரம்புச் சிலந்திப் புழுவைக் குடிநீர் வழியாக மனிதனுக்குள் கொண்டுபோனது இதுதான். துணியில் வடிகட்டினாலே தப்பலாம். நாட்டின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் குணமானார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அதே இனத்தை வியட்நாமில் தொட்டிகளில் விட்டு, டெங்கு கொசுப் புழுவைத் தின்ன வைத்தார்கள்!

முட்டை இருப்பது மேல் மண்ணில். அதை லாரியில் அள்ளிவிட்டால் அடுத்த ஐப்பசிக்குத் தண்ணீர் வரும், துள்ளுவது வராது. ஏலத்தோட்ட மருந்து சரிவில் வழிந்து இறங்கினாலும் முதலில் சாவது இவைதான். நீரில் விஷம் உண்டா என்று ஆய்வுக்கூடங்களில் இந்த இனத்தை விட்டுத்தானே பார்க்கிறார்கள்!

நம்பாதவர்கள் பங்குனியில் குட்டை மண் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் மழைத்தண்ணீர் ஊற்றி வைக்கலாம். நாலைந்து நாளில் துள்ளினாலும் துள்ளும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கும்.