எஃகுக் குழாயும் எதிரொலியும்



2025ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் பூமிக்கடியில் செல்லும் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. வானளாவ எழுந்த அத்தீயை நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் கண்டனர். பலர் காயமுற்றனர், வீடுகள் சேதமுற்றன. அடிமண் இறங்கியதால் குழாய் அசைவுக்குள்ளாகி, பற்றவைத்த இணைப்பு முறிந்தது என்று அவ்வாண்டு ஜூன் இறுதியில் வெளியான விசாரணை முடிவு கூறிற்று. புதைந்து கிடக்கும் குழாயின் உடல்நிலையை அறிவது எவ்வாறு? அதற்குரிய வழிகளுள் ஒன்று மீயொலிச் சோதனை. அதில் தெளிவான எதிரொலியைப் பெறுவது எப்படி என்பதை இன்று காண்போம்.

பொங்கல் சமயத்தில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பானை வாங்குவோர், அதை விரலால் தட்டிப் பார்ப்பதுண்டு. கணீரென்றால் நல்ல பானை. ஓசை மங்கினால் கீறல் உண்டு. மீயொலிச் சோதனையும் ஏறக்குறைய இதுவே. ஆனால் இங்கே தட்டுவது நம் காதுக்கு எட்டாத ஒலி. ஒரு விநாடிக்கு இருபது லட்சம் முதல் ஐம்பது லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை, ஆய்முனை என்னும் சிறு கருவி குழாய்ச் சுவருக்குள் அனுப்புகிறது. எஃகில் அது விநாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் பாயும். சுவரின் கனம் 10 மில்லிமீட்டர் என்றால், போய்த் திரும்பப் பிடிக்கும் நேரம் ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பகுத்ததில் ஏறத்தாழ 3.4 பங்குதான். துருவால் சுவர் மெலிந்திருந்தால் எதிரொலி முந்தி வரும். இந்த நேரத்தைக் கொண்டே கனத்தைக் கணக்கிடுகிறார்கள்.

எதிரொலி மங்கலாக வந்தால் என்ன செய்வது? கருவியின் திருகைத் திருப்பிப் பெரிதாக்கலாமே என்று தோன்றும். வானொலிப் பெட்டியில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது ஒலியைக் கூட்டிப் பாருங்கள். பாட்டோடு இரைச்சலும் கூடும். இங்கும் அப்படித்தான். ஆகவே இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும்.

முதலாவது, ஆய்முனைக்கும் குழாய்க்கும் இடையே காற்று இருக்கக் கூடாது. மயிரிழைக் காற்று இருந்தாலும் ஒலி அநேகமாக முழுவதும் திரும்பிவிடும். அதனால்தான் நீர், எண்ணெய், பசை ஆகியவற்றில் ஒன்றை இடையில் தடவுகிறார்கள். உரிந்த சாயத்தையும் துருச் செதிலையும் அதற்கு முன்பே சுரண்டி நீக்க வேண்டும்.

இரண்டாவது, கோணம். ஒலி செல்லும் திசையிலேயே நீண்டிருக்கும் விரிசல், ஒலியைத் திருப்பி அனுப்பாது. ஆகவே பற்றவைப்புகளைச் சோதிக்கும்போது ஒலியைச் சாய்வாக அனுப்புகிறார்கள்.

மூன்றாவது, ஒரே இடத்தில் பலமுறை ஒலி அனுப்பிச் சராசரி எடுப்பது. மின்கருவியில் தாறுமாறாக எழும் இரைச்சல், 16 முறை சராசரி எடுத்தால் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் உலோக மணிகளில் பட்டுச் சிதறும் ஒலி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். அதனைச் சராசரி குறைக்காது. ஆய்முனையைச் சற்று நகர்த்தியோ, கோணத்தை மாற்றியோ, அதிர்வெண்ணைக் குறைத்தோ பார்க்க வேண்டும். அதிர்வெண்ணைக் குறைப்பதற்கும் ஒரு விலை உண்டு. 5 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் எஃகில் சுமார் 1.2 மில்லிமீட்டர், 2 மெகாஹெர்ட்ஸில் சுமார் 3 மில்லிமீட்டர். அலை நீண்டால் சிறு குறைகள் தப்பிவிடும்.

எண்ணெய்க் குழாயின் உள்ளே செலுத்தப்படும் சோதனைக் கருவிக்கு, ஓடும் எண்ணெயே இடைப்பொருளாக உதவும். குழாயின் உட்புறம் மெழுகு படிந்திருந்தால் ஒலி மங்கும். எனவே முதலில் உள்ளே துப்புரவு செய்ய வேண்டும். எரிவாயுக் குழாயில் இம்முறை எளிதாகப் பயன்படாது. அங்கே காந்தப்புலக் கசிவைக் கண்டறியும் கருவிகளையும், மின்காந்தத்தால் எஃகுக்குள்ளேயே ஒலியை எழுப்பும் கருவிகளையும் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். இவ்வாண்டு அளந்ததை அடுத்த அளவோடு ஒப்பிட்டால்தான் துரு வளர்கிறதா என்பது தெரியும். அளவில் உள்ள பிழை அரை மில்லிமீட்டர், உண்மையான தேய்வு கால் மில்லிமீட்டர் என்றால், ஏடுகள் எத்தனை இருந்தும் பயனில்லை. கனம் தெரிந்த மாதிரிக் கட்டையில் கருவியைச் சரிபார்த்த பின்னரே வேலையைத் தொடங்குவது இதனால்தான்.

ஒன்றை மறக்கலாகாது. எத்துணைத் தெளிவான எதிரொலியும் உலோகத்தின் நிலையை மட்டுமே சொல்லும். அதனைத் தாங்கும் மண்ணின் நிலையைச் சொல்லாது. புத்ரா ஹைட்ஸ் நமக்குக் கற்பித்த பாடம் அது. குழாயையும் பார்க்க வேண்டும்; அது படுத்திருக்கும் நிலத்தையும் பார்க்க வேண்டும். இரண்டையும் பார்த்தால்தான் அதன்மேல் குடியிருப்போர் நிம்மதியாக உறங்க முடியும்.