வற்றல் உலர்த்தியில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி: பொருத்துமுன் அறிய வேண்டியவை

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் மானாவாரி மிளகாய்க்குத் தை, மாசி, பங்குனி மாதங்களே பழம் எடுக்கும் காலம். எடுத்த பழம் களத்தில் காய்ந்து, வற்றலாகி, சாக்கில் ஏறி விருதுநகர் கமிஷன் கடைக்குப் போய்ச் சேரும் வரை விவசாயியின் கண் வானத்தின் மீதே இருக்கும். பழம் களத்தில் கிடக்கும்போது ஒரு மழை பிடித்துக்கொண்டால் போதும். வற்றல் வெளுத்துவிடும், பூஞ்சணம் ஏறும், விலையும் இறங்கிவிடும். பூஞ்சணம் பிடித்த வற்றலில் அஃப்ளடாக்சின் என்ற நச்சும் உண்டாகலாம். ஒரு கிலோ வற்றலில் இந்த நச்சு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய நாடுகள் சரக்கை ஏற்பதில்லை.

இந்தக் காரணங்களால் உழவர் குழுக்களும் தனி விவசாயிகளும் மின்சார உலர்த்திகளில் நாட்டம் காட்டுகின்றனர். உலர்த்தியின் மூளையாக இருப்பது வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி. பட்டறைக்காரர்கள் இதை டெம்பரேச்சர் கண்ட்ரோலர் என்பார்கள். உள்ளங்கை அளவே உள்ள இந்தக் கருவியைச் சரியாகப் பொருத்தினால் வற்றலின் நிறம் காக்கப்படும். தவறாகப் பொருத்தினால் வற்றலோடு கொட்டகையும் எரியும்.

வெயில் முதலில், மின்சாரம் பிறகு

செலவுக் கணக்கை முதலில் பார்ப்பது நல்லது. செடியிலிருந்து எடுத்த பழத்தில் 75 சதவீதம் அளவுக்கு நீர் இருக்கும். வற்றலில் 10 சதவீதமே இருக்க வேண்டும். 100 கிலோ பழம் காய்ந்து சுமார் 28 கிலோ வற்றல் ஆகிறது என்றால், 72 கிலோ நீர் வெளியேற வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கக் குறைந்தது 0.65 யூனிட் மின்சாரம் தேவை. ஆகவே வீணாகும் வெப்பத்தைச் சேர்க்காமலே 47 யூனிட் ஆகிவிடும்.

அதே பழத்தை வெயிலில் 30 சதவீத ஈரம் வரை காயவைத்து, பிறகு உலர்த்தியில் இட்டால் கணக்கு மாறும். அரைகுறையாகக் காய்ந்த 100 கிலோவிலிருந்து 22 கிலோ நீரை நீக்கினால் போதும். அதற்குச் சுமார் 14 யூனிட் அடிப்படைத் தேவை. வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் இது இரு மடங்காகலாம். கரிசல் சீமையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. எனவே உலர்த்தியை மழை மூட்டத்துக்கும் கடைசிக் காய்ச்சலுக்கும் வைத்துக்கொள்வதே சிக்கனம்.

பம்புசெட்டுக்கென வழங்கப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து உலர்த்திக்குக் கம்பி இழுக்கக்கூடாது. மின்வாரியத்தில் முறையாகத் தனி இணைப்புப் பெற வேண்டும்.

கருவி வேலை செய்யும் விதம்

வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் எண்ணம் பண்ணையில் தோன்றியது என்றே சொல்லலாம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரெபெல் என்ற டச்சுக்காரர், முட்டை பொரிக்கும் பெட்டியில் சூடு ஏறினால் அடுப்புக்குப் போகும் காற்று தானாகக் குறையும்படி ஓர் அமைப்பைச் செய்தார். இன்றைய கருவியும் அதே வேலையைத்தான் செய்கிறது. பெட்டிக்குள் இருக்கும் சென்சார் சூட்டைத் தெரிவிக்கிறது. கருவி அதை நாம் குறித்த அளவோடு ஒப்பிட்டு, ஹீட்டரை ஓட்டுகிறது அல்லது நிறுத்துகிறது.

வற்றலுக்கு 55 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு போதுமானது. 65 டிகிரியைத் தாண்டினால் வற்றல் கறுக்கத் தொடங்கும். 2 டிகிரி ஏற்ற இறக்கத்தோடு ஓடி நிற்கும் சாதாரண முறையே உலர்த்திக்குப் போதும்.

சென்சாரில் வரும் தவறுகள்

தெர்மோகப்பிள் வகைச் சென்சாருக்குக் கூட்டல் முனை, கழித்தல் முனை என இரண்டு உண்டு. இவை மாறிவிட்டால் பேராபத்து. பெட்டியில் சூடு ஏற ஏறக் கருவி சூடு குறைவதாகக் காட்டும். குறைகிறதே என்று கருவி ஹீட்டரை மேலும் ஓட்டும். நிறுத்த ஆள் இல்லாவிட்டால் வற்றல் கருகித் தீப்பிடிக்கும். கம்பியின் நிறம் நாட்டுக்கு நாடு மாறுவதால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. சென்சாரை வெந்நீரில் நனைத்துப் பார்க்க வேண்டும். எண் ஏறினால் சரி. இறங்கினால் இரு முனைகளையும் மாற்றிப் போட வேண்டும்.

சென்சாரின் வகையைக் கருவியிலும் சரியாகக் குறிக்க வேண்டும். ‘கே’ வகைச் சென்சாரை மாட்டிவிட்டுக் கருவியில் ‘ஜே’ என்று குறித்தால், உள்ளே 60 டிகிரி இருக்கும்போது ஏறத்தாழ 54 என்றே காட்டும்.

சென்சார் தட்டுகளுக்கு நடுவே, காற்றோட்டம் படும் இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். தட்டு இழுக்கும்போது அது வெளியே வந்து தொங்கினால், கருவி வெளிக்காற்றைப் பார்த்து ஹீட்டரை நிறுத்தாமல் ஓட்டும். சென்சார் கம்பியை ஹீட்டர் கம்பியோடு ஒரே குழாயில் இழுக்கவும் கூடாது.

மின் இணைப்பு

3 கிலோவாட் ஹீட்டர் சுமார் 13 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். கருவிக்குள் இருக்கும் ரிலே பெரும்பாலும் 3 அல்லது 5 ஆம்பியர்தான் தாங்கும். நேராக இணைத்தால் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஹீட்டர் நிற்காது. ஆகவே கருவி காண்டாக்டரை இயக்க வேண்டும், காண்டாக்டர் ஹீட்டரை இயக்க வேண்டும்.

உலர்த்திக்குத் தனி மெயின் சுவிட்ச், எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவை வேண்டும். பெட்டியின் தகர உடலுக்கு எர்த் கட்டாயம். ஈரப் பழமும் ஈரக் கையும் புழங்கும் இடத்தில் எர்த் இல்லாத தகரப் பெட்டி உயிருக்கு எமன். இந்த வேலைகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்ய வேண்டும்.

இத்தகைய கருவிகள் பொதுவாக 50 டிகிரி வரையுள்ள சுற்றுப்புறச் சூட்டில்தான் சரியாக வேலை செய்யும். கோடையில் தகரக் கொட்டகையில் மூடிய பெட்டிக்குள் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். கருவிப் பெட்டியை நிழலான சுவரில், காற்று படும்படி, மிளகாய்த் தூசி புகாதபடி பொருத்த வேண்டும்.

இரண்டாவது காவல்

ஒரு கருவியை மட்டும் நம்பியிருப்பது ஒரே மதகுள்ள கண்மாயை நம்புவது போன்றது. கருவி, சென்சார், காண்டாக்டர் எதுவும் ஒரு நாள் பழுதாகலாம். எனவே தனிச் சென்சாரும் தனிக் காண்டாக்டரும் கொண்ட இரண்டாவது தடுப்பான் ஒன்று வேண்டும். 75 டிகிரி வந்தால் இது ஹீட்டரை அறவே துண்டிக்க வேண்டும். ஆள் வந்து கையால் அமுக்கினால்தான் மீண்டும் ஓட வேண்டும். விசிறி நின்றால் ஹீட்டரும் நிற்கும்படி இணைப்பதும் அவசியம். காற்றில்லாமல் ஓடும் ஹீட்டர் சிவக்கக் காய்ந்துவிடும்.

பருவம் தொடங்குமுன் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். சென்சாரைக் கொதிக்கும் நீரில் இட்டால் 100 டிகிரியை ஒட்டியும், உருகும் பனிக்கட்டியில் இட்டால் 0 டிகிரியை ஒட்டியும் காட்ட வேண்டும். பிறகு தடுப்பானின் அளவைத் தற்காலிகமாக 45 டிகிரிக்குக் குறைத்து, காலிப் பெட்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சூட்டில் ஹீட்டர் நின்றால் காவல் விழிப்பாக இருக்கிறது என்று பொருள். சோதனை முடிந்ததும் அளவை மீண்டும் 75-க்கு மாற்ற மறக்கக்கூடாது.

தீப்பிடித்தால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். மின்சாரம் ஓடும்போது தண்ணீர் ஊற்றக்கூடாது. மிளகாய் எரியும் நெடியில் மூச்சு முட்டும் என்பதால், கதவைத் திறந்து உள்ளே நுழைவதும் கூடாது.

வெடிமருந்து அருகில் வேண்டாம்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஒரே வீட்டில் ஒருவர் காட்டு வேலைக்கும் மற்றொருவர் பட்டாசு வேலைக்கும் போவது வழக்கம். பட்டாசு ஆலைகளில் மருந்து சேர்ந்த சரக்கைத் திறந்த மேடையில் வெயிலில்தான் காயவைக்கின்றனர். மழை நாளில் அந்த வேலை தடைப்படும். அப்போது, வற்றல் காயும் பெட்டியில் திரியும் வெடியும் காயாதா என்ற எண்ணம் யாருக்கேனும் எழலாம். அந்த எண்ணத்தை அங்கேயே கிள்ளி எறிய வேண்டும்.

வற்றல் உலர்த்தியின் ரிலேயும் காண்டாக்டரும் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சிறு பொறி உண்டாகும். ஹீட்டர் கம்பியின் சூடு பெட்டியின் சூட்டை விடப் பல மடங்கு அதிகம். கருவி 60 என்று காட்டுவது காற்றின் சூடே தவிர, ஹீட்டரின் சூடு அல்ல. மருந்துத் தூசி அதில் பட்டால் கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்தச் சீமை மறக்கவில்லை.

பட்டாசு, தீப்பெட்டி மருந்து, திரி ஆகிய எதையும் உலர்த்தியிலோ அது இருக்கும் கொட்டகையிலோ வைக்கக்கூடாது. உலர்த்தியைப் பட்டாசுக் கிடங்குக்கோ ஆலைக்கோ அருகில் நிறுவவும் கூடாது. ஆலையிலிருந்து வருபவர் மருந்து படிந்த உடையை மாற்றி, கை கால் கழுவிய பிறகே உலர்த்திப் பக்கம் வர வேண்டும்.

முதல் எடுப்புப் பழம் களத்துக்கு வருமுன் ஒரு நாள் ஒதுக்கி, சென்சார், காண்டாக்டர், எர்த், தடுப்பான் ஆகிய நான்கையும் சரிபார்த்துக்கொண்டால், மழை மூட்டம் போட்ட இரவிலும் வற்றல் நிறம் கெடாமல் காயும். உலர்த்தி ஓடும் வரை ஓர் ஆள் அருகில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.