எடை குறைந்தது சரி, குறைந்தது எது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சை அதிலிருந்தே தொடங்கலாம். 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த டீ இது. கொழுப்பு குறைந்த நீலப் பாக்கெட் பால் என்றால் பாலில் ஏறத்தாழ 60 கலோரி, சர்க்கரையில் 40. கொழுப்பு நிறைந்த ஆரஞ்சுப் பாக்கெட் என்றால் பால் மட்டுமே 90-ஐ நெருங்கும். நாளைக்கு நான்கு டீ குடிப்பவருக்கு இதுவே ஒரு வேளைச் சிற்றுண்டி அளவுக்கு வந்துவிடும். தம்ளரைக் கீழே வைக்கச் சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. நாம் சாப்பாடு என்றே நினைக்காத ஒன்று சாப்பாட்டுக் கணக்கில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தெரிய வேண்டும். கலோரி கணக்கின் உண்மையான பயன் அதுதான்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதன்மேல் உள்ள பயம் பாதி போய்விடும். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றைக்கும் எல்லோரும் பயன்படுத்தும் எண்கள், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. உழைக்கும் குடும்பங்கள் குறைந்த காசில் நிறைந்த சத்தை எப்படி வாங்குவது என்பதுதான் அவருடைய கவலை. நம் பக்கத்திலும் அப்படித்தான். இட்லி அரிசியிலும் கேழ்வரகிலும் கீரையிலும் என்ன இருக்கிறது என்று முறையாக அளந்து பட்டியல் போட்ட வேலை நீலகிரியின் குன்னூரில் நடந்தது. அங்கிருந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் வாலஸ் அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். நோக்கம், மக்களுக்குப் போதுமான உணவைத் திட்டமிடுவது. அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் 1918-இல் எழுதிய புத்தகம் கலோரியை எடை குறைப்போரின் கையில் கொடுத்தது. அதற்கு முன்பு 'வயிற்றுக்குப் போதுமா' என்று கேட்கத்தான் இந்தக் கணக்கு இருந்தது. அந்தக் கேள்வியை நாம் இன்றும் மறக்கக் கூடாது என்பது என் எண்ணம். அதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

இந்த எண்கள் சராசரிகள். ஒரு கைப்பிடி பாதாமில் இத்தனை கலோரி என்று அட்டவணை சொல்லும். 2012-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் மனிதர்களுக்கு பாதாம் கொடுத்துப் பார்த்தபோது, உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொண்டது அட்டவணை சொன்னதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கொட்டையின் செல்களுக்குள் இருக்கும் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. தோசையை எடுத்துக்கொண்டால், ஒரே மாவில் அடுத்தடுத்த வீட்டில் வார்த்த இரண்டு தோசைகளுக்கு நடுவே எண்ணெயால் மட்டும் 50, 60 கலோரி வித்தியாசம் வரலாம். ஒரு ஸ்பூன் எண்ணெய்க்கே 45 ஆயிற்றே. அதனால் "இன்று 1,437 சாப்பிட்டேன்" என்று போனில் குறித்து வைப்பவர், இல்லாத துல்லியத்தை நம்பிக்கொண்டிருக்கிறார். துல்லியம் தேடாமல் நெகிழ்வாக எண்ணுவதை மனத்திடம் இல்லாதவர்களுக்கான சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணின் இயல்புக்குப் பொருந்திய முறையே அதுதான்.

நெகிழ்வாக எண்ணுவது எப்படி? தட்டிலிருந்து தொடங்காமல் மளிகைச் சீட்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு நான்கு லிட்டர் எண்ணெய் ஆகிறது என்று வையுங்கள். ஒரு லிட்டர் சுமார் 920 கிராம், அதாவது கிட்டத்தட்ட 8,300 கலோரி. நான்கு லிட்டரை நான்கு பேருக்கும் 30 நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 275 வருகிறது. மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது ஆளுக்கு மாதம் அரை லிட்டர். அதற்கு இறங்கினால் தினம் 135-க்கு மேல் குறையும். யாரும் ஒரு இட்லியைக்கூட விட வேண்டியதில்லை. சர்க்கரைக்கும் இதே கணக்கு. மாதம் ஐந்து கிலோ வாங்கினால் ஆளுக்குத் தினம் 160-க்கு மேல். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், சோற்றின்மேல் இத்தனை காலம் போட்ட பழி அவ்வளவு நியாயமில்லை என்று தெரியும். சமைப்பவர் ஒருவரே என்றால் இந்தக் கணக்கு மொத்த வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. தனக்கென்று தனியாக ஓட்ஸ் காய்ச்சிக் குடித்துவிட்டு, மற்றவர்களுக்கு பூரி சுட்டுக்கொண்டு நிற்கும் வேதனையும் சமைப்பவருக்கு இல்லை.

அடுத்தது, நாள் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, முகூர்த்த நாளில் பந்தி, தீபாவளிப் பலகாரம் எல்லாம் வரத்தான் செய்யும். வாரத்தின் மற்ற நாட்களில் கொஞ்சம் இறக்கினால் போதும், பந்தியில் இலையின் முன் உட்கார்ந்து குற்றவுணர்ச்சியோடு மெல்ல வேண்டாம். இதற்கு உளவியல் துறையிலும் ஆதாரம் உண்டு. 1975-இல் ஹெர்மன், மாக் என்ற இரு ஆய்வாளர்கள் சில பெண்களுக்கு மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துக் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். வழக்கமாக உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள், மில்க்‌ஷேக் வயிற்றில் இருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ, மில்க்‌ஷேக் குடித்தபின் அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம் உடைந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது என்ற மனநிலை அது. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய உளவியலாளர் யோவாகிம் வெஸ்டன்ஹோஃபர், கடுமையான கட்டுப்பாடு வேறு, நெகிழ்வான கட்டுப்பாடு வேறு என்று பிரித்துக் காட்டினார். இது முழுக்கத் தடை, அது முழுக்க அனுமதி என்று வாழ்பவர்களைவிட, அளவைக் கூட்டிக் குறைத்து வாழ்பவர்களிடம் கட்டுமீறிச் சாப்பிடுவது குறைவாக இருந்தது.

இதுவரை பேசியது எண்ணுவதைப் பற்றி. எதற்காக எண்ணுகிறோம் என்பதில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கியது என்று சந்தோஷப்படுகிறோம். அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாடு குறைந்ததும் அது கரைகிறது, தண்ணீரும் போகிறது. அதற்குப் பிறகு குறைவதில் கொழுப்பு உண்டு, தசையும் உண்டு. புரதமும் உடற்பயிற்சியும் இல்லாமல் வெறுமனே பட்டினி கிடந்தால், போகும் எடையில் கால் பங்குவரை கொழுப்பல்லாத திசுவாக இருக்கலாம். எடைக் கருவி இரண்டையும் ஒரே கிலோவாகக் காட்டும். ஐம்பது வயதில் தொடைத் தசையை இழப்பவர் எழுபதில் தரையிலிருந்து எழச் சிரமப்படுவார். நம் அம்மாக்கள் பலருக்கு இது நடக்கிறது. இரவுச் சோற்றை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். பருப்போ முட்டையோ மீனோ தயிரோ அந்த இடத்துக்கு வந்திருக்காது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். இரண்டு இட்லியும் ரசஞ்சோறும் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

பட்டினியின் எல்லை என்ன என்பதை 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸெல் கீஸ் ஆராய்ந்தார். போரால் பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களுக்கு எப்படித் திரும்ப உணவூட்டுவது என்று அறிவதற்கான சோதனை அது. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் தினமும் சுமார் 1,600 கலோரி. வாரம் 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். உடல் எடையில் கால்வாசி போயிற்று. எப்போதும் குளிர், சோர்வு, எரிச்சல். இருபத்துநான்கு மணி நேரமும் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகங்களை எடுத்து வைத்துப் படித்தார்கள். அவர்கள் ஏற்கெனவே சரியான எடையில் இருந்தவர்கள், உழைப்பும் அதிகம். ஆகவே உட்கார்ந்து வேலை செய்யும் சிறிய உடம்புக்காரருக்கு 1,600 என்பது பட்டினி ஆகாது. ஆனால், ஆளைப் பார்க்காமல் எல்லோருக்கும் 1,200 என்று எழுதித் தரும் அட்டவணைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த இளைஞர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இதே கீஸ்தான் 1972-இல் உயரத்தோடு எடையை ஒப்பிடும் பழைய கணக்குக்கு பி.எம்.ஐ. என்று பெயர் சூட்டியவர். அந்த எண்ணும் நம்மை ஏமாற்றும். 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு என்ற உடல்வாகு நம்மவர்களிடம் மிகுதி. அதனால்தான் இந்தியர்களுக்கு 25-க்குப் பதில் 23-லேயே எச்சரிக்கை மணி அடிக்கிறார்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று வயிற்றுச் சுற்றளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு இது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினரிடம் தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கச் சொன்னார்கள். மொத்தச் சாப்பாட்டையும் சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னார்கள். மூன்றாண்டில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. இரண்டாம் பிரிவில் 39.3 சதவீதம். இரண்டாம் பிரிவினரின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எடைக் கருவியை மட்டும் பார்த்திருந்தால் அத்தனை பேரும் தோற்றுவிட்டோம் என்று ஆறாவது மாதமே நடையை நிறுத்தியிருப்பார்கள். நடந்து நடந்து தசை சர்க்கரையை உறிஞ்சப் பழகிக்கொண்டிருந்ததை அந்த முள் எப்படிக் காட்டும்?

எடை குறைப்பதே வீண் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனில் 2017-இல் வெளியான ஆய்வில், முந்தைய ஆறு ஆண்டுக்குள் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் எடையைக் குறைத்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு இறங்கியதால் கிடைத்த பலன் என்கிறார்கள். முழங்கால் வலிக்கும் குறட்டையோடு வரும் மூச்சுத் திணறலுக்கும் எடை குறைவது நேரடி மருந்து. எடை ஒரு வழி, அதன் மறுமுனையில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ மூட்டோ இருக்க வேண்டும்.

மறுபுறம், முயற்சியே செய்யாமல் எடை இறங்குகிறது என்றால் அது பாராட்டுக்குரிய செய்தி இல்லை. "நல்லா ஸ்லிம் ஆயிட்டீங்களே" என்று தெருவில் கேட்பார்கள். கட்டுக்கடங்காத சர்க்கரை, காசநோய், தைராய்டு, சில புற்றுநோய்கள் எல்லாம் இப்படித்தான் முதலில் தலை காட்டும். இரண்டு மூன்று மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டால் தையல்காரரிடம் போவதற்கு முன் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. மருந்தளவு பழையபடி இருக்க, சோறு மட்டும் குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம்வரை போகும். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு வேண்டாம். சாப்பாட்டைப் பற்றிய பயமும் வெறுப்பும் ஏற்கெனவே உள்ள பெண் பிள்ளை வீட்டில் இருந்தால், அவள் காதுபட எண்களைப் பேசுவதுகூடக் கெடுதல்.

மற்றவர்கள் ஒரு நோட்டில் மாதம் ஒருமுறை ஐந்து வரி எழுதினால் போதும். எடை ஒரு வரி. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்த வயிற்றுச் சுற்றளவு ஒரு வரி. ரத்த அழுத்தம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா. எண்ணெயும் சர்க்கரையும் எவ்வளவு ஆயின. மூன்று மாதத்துக்கொரு முறை ஆய்வகச் சீட்டிலிருந்து சர்க்கரை, ட்ரைகிளிசரைடு எண்களையும் பக்கத்தில் எழுதுங்கள். முதல் வரி நகராமல் மற்றவை நல்ல திசையில் நகர்ந்தால் செய்வதைத் தொடருங்கள். முதல் வரி மட்டும் வேகமாக இறங்கி, படியேறுவது கஷ்டமாகிக்கொண்டு போனால் தட்டில் பருப்பையும் முட்டையையும் கூட்டுங்கள், அந்த நோட்டையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.